ஹாலுக்குப் போகாத படம்

கழுத்து கழன்று விழுந்துவிடும்போல வலித்தது அவளுக்கு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், மேனேஜர் அறையில் அந்த லேப்டாப்பின் முன்னால் குனிந்தே கிடந்தாள்.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்? விசாரணை ஆபீசர் வந்து உக்காந்தாச்சு. இப்பதான் ஹால்ல எட்டிப் பாத்தேன், திரை வெறும் நீலமா முழிக்குது."

"நேத்து யாரோ அப்டேட் போட்டிருக்காங்க சார். லினக்ஸ் சிஸ்டம் புதுசாயிடுச்சு, படத்தத் திரைக்கு அனுப்புற கிராபிக்ஸ் டிரைவர் புரோகிராம் பழசாவே நின்னுடுச்சு. இதுல ரெண்டு கிராபிக்ஸ் சிப். ஒண்ணு இந்தத் திரைக்கு, அது ஓடுது. ஹாலுக்குப் போற வயர் ரெண்டாவது சிப்புல இருக்கு. டிரைவர் சரியா உக்காந்தாத்தான் அது கண்ணு முழிக்கும்."

"எனக்குப் பாடம் நடத்தாத. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற லேப்டாப்ப மாட்டு."

"பிரஸ் மெஷின் புரோகிராம், கேமரா எல்லாம் இதுக்குள்ளதான் சார் இருக்கு."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம், ஹாலில், அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தான். தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினுக்கு வலது கையின் மூன்று விரல்களைக் கொடுத்தவன். பாதுகாப்புக் கதவு திறந்திருந்தால் அந்த மெஷின் நின்றுவிட வேண்டும். உற்பத்தி வேகம் போதவில்லை என்று, அப்படி நிறுத்துகிற கதவுப் பூட்டைக் கழற்றியவர் மேனேஜர் என்பது அண்ணனின் பேச்சு. கழற்றியவன் அவனேதான் என்பது மேனேஜரின் பேச்சு. அன்றைக்குப் பார்த்துக் கேமரா ரிப்பேர் என்று மேனேஜர் சொல்லியாயிற்று. இன்றைக்கு ஆபீசர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதோடு முடிந்தது. மேனேஜர் பக்கம் என்றால் அண்ணனுக்கு வேலையும் போகும், பழியும் சேரும்.

சர்வீஸ் கம்பெனி அனுப்பிய பெண் யார் வீட்டுப் பெண் என்று மேனேஜர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"ஒரு குடிகாரப் பய மெஷின்ல கைய விட்டுட்டு என் தலைய உருட்டுறான். நாலு படம் காட்டினா அவன் கதை முடிஞ்சுது. அதுக்கு நீ இந்த இழு இழுக்குற."

"குடிச்சிருந்தாரா சார்?"

"பின்ன? புத்தி உள்ளவன் மெஷின் வாய்க்குள்ள கை விடுவானா? விரலோட சேத்து மூளையும் நசுங்கிடுச்சு அவனுக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அவள் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு, எதையோ நசுக்குவதுபோல, என்டரை அழுத்தினாள். அதுவரை சத்தமில்லாமல் கிடந்த லேப்டாப் விசிறி புஸ்ஸென்று இரையத் தொடங்கியது.

"என்னம்மா சத்தம்?"

"மூச்சு முட்டுது சார். டிஸ்க்குல இடமே இல்ல. பழைய கேமரா வீடியோவா அடைஞ்சு கிடக்கு."

"எடுத்துத் தொலையேன்."

"நான் கை வைக்கலாமா சார்? நாளைக்கு ஒண்ணு காணோம்னா எங்க கம்பெனி தலையில விடியும். பேரும் இல்ல, தேதியும் இல்ல, எல்லாம் வெறும் நம்பர். எது வேணும், எது வேண்டாம்னு நீங்கதான் திறந்து பாத்து முடிவு பண்ணணும்."

மேனேஜரின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக இளகியது. வலியத் தேடினாலும் கிடைக்காத சாக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டவர் சட்டென்று நின்றார்.

"ஹால்ல இப்ப ஒண்ணும் தெரியலையே?"

"டிரைவர் இல்லாம எப்படி சார் தெரியும்? சந்தேகமா இருந்தா போய்ப் பாத்துட்டு வாங்க."

"எதுக்கு? தலையக் காட்டினாலே அந்த ஆபீசர் கேள்வியாக் கேட்டுக் கொல்றான். நான் கூப்பிடுற வரைக்கும் எவனும் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நில்லு."

திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் மவுஸ் சொடுக்கியது. ஒன்றைத் திறந்தார், "ப்ச்" என்றார். இன்னொன்று. இன்னும் ஒன்று. அதோடு சொடுக்கல் நின்றது.

ஜன்னல் கண்ணாடியில் லேப்டாப் திரை மங்கலாகத் தெரிந்தது. அதில், மெஷின் கதவருகே ஸ்க்ரூடிரைவரோடு ஒரு வெள்ளைச் சட்டை குனிந்திருந்தது. தொழிலாளிகளுக்கெல்லாம் நீல உடுப்பு. அந்த ஆலையில் வெள்ளை போடுகிற ஆள் ஒருவர்தான்.

ஹாலில் இவ்வளவு நேரமும் நாற்காலி இழுபடுவதும் யாரோ இருமுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஈ பறந்தால் கேட்கும்.

"சனியனே, இங்கதான் இருந்தியா" என்று மேனேஜர் முணுமுணுத்தார். டெலீட் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"இடம் போதுமாம்மா?"

"தாராளமாப் போதும் சார்."

"அப்ப ஹாலுக்குப் படத்த அனுப்பு. அந்தப் பயல இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

அவள் திரும்பி நின்று, முதல் தடவையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"விசிறி இரைஞ்சப்பவே ரெண்டாவது சிப் முழிச்சு, இந்தத் திரையில வர்ற படமெல்லாம் அங்கயும் போயிட்டிருக்கு சார். நீங்க பூட்டைக் கழட்டினதையும் எல்லாரும் பாத்தாச்சு, இப்ப அழிச்சதையும் பாத்தாச்சு. எங்கண்ணனுக்கு நீங்க மூணு விரல் பாக்கி."