உள்ளே அழுத குரல்

காய்ச்சலுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வீடு திரும்பிய மருமகள், செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டாள்.

மாமியாரின் அறைக்குள் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

அது அவளுடைய குரல்.

"அத்தை, வண்டி மோதிடுச்சு. காலை அசைக்க முடியல. பணம் கட்டினாத்தான் உள்ளே எடுப்பாங்களாம். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க அத்தை."

அதே கட்டைத் தொண்டை. வாக்கியத்தை முடிக்கும்போது வரும் அதே சின்ன இழுப்பு.

வங்கியில் மோசடித் தடுப்புப் பிரிவு அவளுக்கு. வாடிக்கையாளர் யார் போன் செய்தாலும் முதலில் காதில் விழுவது அவள் பேசிப் பதிவு செய்த எச்சரிக்கைதான்: 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்.' அந்தப் பதிவிலிருந்தே எவனோ குரலை உருவியிருக்கிறான்.

"வேற யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை," என்றது உள்ளே இருந்த குரல். "என்னை மாதிரியே பேசுவாங்க. நம்பிடாதீங்க."

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அதுதான் உள்ளே இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது.

"இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். அழாதே," என்றாள் மாமியார். "நாலு... ஏழு..."

பாய்ந்து போய், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைப் பிடுங்கினாள். "யார் பேசறது?"

மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது. பிறகு, அவள் குரலே நிதானமாகக் கேட்டது.

"நீ யாரு?"

அதோடு லைன் செத்துவிட்டது.

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நம்பர் சொன்னீங்க?"

"ரெண்டு. நீ ஏன் இந்நேரத்துக்கு வந்தே?"

"காய்ச்சல்."

போன உயிர் திரும்பி வந்தது மருமகளுக்கு. கூடவே கோபமும் வந்தது. அந்த ஓ.டி.பி. திறந்துவிடும் வங்கிக் கணக்கில் இருந்தது மாமியாரின் வாழ்நாள் சேமிப்பு. கடைசிக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்க மாட்டேன் என்று, வீடு வாங்கப் பிள்ளை கெஞ்சியபோதுகூடத் தொடாத பணம்.

"பெத்த பிள்ளைக்குக் குடுக்க மனசு வரல. முகம் தெரியாத திருடனுக்கு அள்ளிக் குடுக்கறீங்க."

"உடம்புக்குத்தான் காய்ச்சல் போல. வாய் நல்லாத்தான் இருக்கு."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அத்தை. நானே கூப்பிட்டாலும் நம்பாதீங்க, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணை முதல்ல கேளுங்கன்னு. கேட்டீங்களா?"

"கேட்டேன். உன்னை முதல்முதலா பார்த்தன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு கேட்டேன்."

'பொண்ணு பரவாயில்ல, தொண்டைதான் தகர டப்பா.' சொன்னவளும் மறக்கவில்லை. கேட்டவள் மறப்பாளா?

"அதுக்கு அது என்ன சொல்லுச்சு?"

"'என் மக மாதிரி இருக்கே'ன்னு சொன்னீங்கன்னுச்சு." மாமியார் உதட்டைச் சுழித்தாள். "நான் அப்படிச் சொல்ற ஆளா?"

"அப்போ அது நான் இல்லன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சுமா நம்பரைச் சொன்னீங்க?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"பாதி மனசு பொய்னுதான் சொல்லுச்சு. மீதிப் பாதியில நீ ரோட்டுல கிடந்தியேடி."