மனைவியுடன் பேச ஒரு கேபிள்

"இதைவிட வேகமானது இல்லையோ தம்பி?"

ஓய்வுபெற்ற நில அளவையாளர் தர்மலிங்கம், கேபிளை மாட்டின் வாலைப் போலப் பிடித்து உருட்டிப் பார்த்தார். மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜவாஹிர் இன்னொரு சுருளை இறக்கினான்.

"அது கெட் ஃபைவ், சேர். இது கெட் சிக்ஸ். இதுல செய்தி ஓடாது, பறக்கும். உங்களுக்கு என்னத்துக்கு?"

"மனிசியோட பேச."

விஷயம் இதுதான். அம்மன் கோயில் தேரன்று அவர் மனைவி ஞானாம்பிகை மனமுருகித் தேவாரம் பாடினார். சனத்துக்கு நடுவில் நின்ற தர்மலிங்கம், "ஜெனரேட்டரை இன்னும் நிப்பாட்டேல்லையோ?" என்று கேட்டுவிட்டார். இனி இந்த மனுசனோடு வாய் திறந்து பேசுவதில்லை என்று ஞானாம்பிகை அந்த இடத்திலேயே கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தார்.

"டைப் பண்ண மாட்டன் எண்டு சத்தியம் பண்ணேல்லை. அதால கம்ப்யூட்டரில ஈமெயில் எழுதுவா. ஆனா நான் காலமை கேக்கிற மன்னிப்பு மத்தியானம்தான் போய்ச் சேருது. அதுக்கிடையில கோவம் இன்னும் ஏறியிடுது. கனடாவுக்கு வா எண்டு தங்கச்சிக்காரி வேற கூப்பிடுறா. போனா வர மாட்டா, தம்பி."

கனடா என்றதும் ஜவாஹிருக்குப் பாவமாக இருந்தது.

"உண்மைய சொல்றேன் சேர். வெளிய போற லைன் ஸ்லோ. வீட்டுக்குள்ள தங்கத்துல கேபிள் இழுத்தாலும் வெளிநாட்டுக்கு ஆமை வேகத்துலதான் போகும். வீண் வேலை."

"நீர் வந்து போடும்."

வழியில் சோதனைச் சாவடியில் சுருளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். யுத்த காலத்தில் வயரோடு திரிந்தால் சும்மா விடுவார்களா? தர்மலிங்கம் சிங்களத்தில் தன் கதையைச் சொன்னார். கல்யாணமான சிப்பாய் ஒருவர் உடனே போகவிட்டார்.

ஜவாஹிர் கரண்ட் வயரில் படாமல், எங்கும் மடியாமல் கேபிளைச் சுவரோரமாக இழுத்தான். தர்மலிங்கம் ஒற்றை விரலால் மன்னிப்பை அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்படி டைப் பண்ணினா தபால்லயே அனுப்பலாமே, சேர்."

"உம்மட வேலையைப் பாரும். அந்தச் சுவரில ஓட்டை போட்டு வச்சிருக்கிறன். மற்ற முனையை அதுக்குள்ளால விடும்."

விட்டான். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். திடுக்கிட்ட ஜவாஹிர், பிளக்கை எடுத்துக்கொண்டு கதவால் சுற்றிப் போனான்.

அங்கே, குசினி மேசையில் துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கேபிளின் முனையோடு ஞானாம்பிகை காத்திருந்தார்.

அவன் பிளக்கை மாட்டியதும், இவ்வளவு நாளும் கடல் கடந்து சுற்றிவந்த மன்னிப்பு கண் மூடித் திறப்பதற்குள் திரையில் விழ, ஞானாம்பிகை அதை வாசித்து, முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டு, 'இன்னொருக்கா கேளுங்கோ' என்று டைப் செய்தார்.