தொடாத வியூகம்

"அந்தாளெல்லாம் ஒரு கோச்சா? மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" என்று காறித் துப்பினார் கோச் கெஸ்லர்.

அந்தாள், மைதானத்தின் எதிர்ப்பக்கம் நின்ற மல்லின்ஸ். பக்கத்து ஊர்க் கல்லூரியின் கோச். ஓஹையோவில் இந்த இரண்டு கல்லூரிகளும் அமெரிக்கக் கால்பந்தில் மோதும் சனிக்கிழமையில் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள்.

கெஸ்லரின் அணியில் பந்தை எறிபவன் கோல்ட்டன். அவனை இடித்துச் சாய்த்தால்தான் எதிரணி பிழைக்கும். மல்லின்ஸின் ஆட்களோ அவன் பக்கமே போகவில்லை.

"பயந்தாங்கொள்ளி! இதுக்குப் பேரு வியூகமாம்!" என்று உதவியாளரிடம் சிரித்தார் கெஸ்லர். "ஆறு ஆட்டம் தோத்துட்டேன்னு என்னைத் துரத்தச் சொன்னானுங்கள்ல? இன்னிக்கு என்னைத் தோள்ல தூக்கிவச்சு ஆடுவானுங்க பாரு."

முப்பத்தெட்டுக்கு மூன்று. கெஸ்லரின் அணிக்கு அமோக வெற்றி.

கைகுலுக்கும்போதும் கெஸ்லருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன்யா, எங்க கோல்ட்டனை ஒரு தடவகூடத் தொடலையே, கடிச்சிருவான்னு பயமா?"

"அவன் கை காலு உடைஞ்சா அடுத்த வருஷம் எனக்குத்தானே நஷ்டம்?" என்றார் மல்லின்ஸ் சாவகாசமாக.

கெஸ்லருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அவருடைய கல்லூரித் தலைவர், தங்கள் அணியின் புதுப் பச்சைத் தொப்பியோடு ஓடி வந்தார். கெஸ்லர் பெருமையாகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

தொப்பி மல்லின்ஸின் தலையில் போய் உட்கார்ந்தது.

"திங்கக்கிழமையே வந்துருங்க, கோச்!"