எட்டு வாரக் கார்ட்டூன்

விரிவுரையாளர் றிப்ஷான் சனிக்கிழமை மேடையில் பேசப்போவது, சின்ன வயதில் எட்டே வாரம் ஓடி நின்றுபோன ஒரு சிங்களக் கார்ட்டூனைப் பற்றி. ‘அதற்கு வசனம் எழுதியவர் பெயர் தெரியாத ஞானி, என் எழுத்தின் ஆசான்’ என்று பன்னிரண்டு பக்கம் எழுதியும் வைத்துவிட்டார். மேற்கோளைச் சரிபார்க்க யூடியூப்பில் அதைத் தேடிப் பிடித்து, பள்ளியில் சிங்களம் படிக்கும் மகள் இனாயாவைப் பக்கத்தில் இருத்தினார்.

“இப்ப ஆமை சொல்லும் பாருங்க மகள், ‘நிலாவுக்குப் பாதை கேட்காதே, நடந்து பார்’ எண்டு.”

“இல்ல வாப்பா. ‘சாப்பிட முதல் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்க’ எண்டுதான் சொல்லுது.”

எட்டாம் வாரத்துக்குப் பிறகும் நாற்பது பாகங்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் ஆமை கைதான் கழுவியது.

அந்நாளில் பக்கத்திலிருந்து அதைத் தமிழில் சொல்லித்தந்த அக்கா, ஸஹ்ரா ராத்தாவுக்கு உடனே போன் போட்டார்.

“ராத்தா, உங்களுக்குச் சிங்களம் தெரியுமா?”

“பொலன்னறுவை பஸ்ஸ நிற்பாட்டுற அளவுக்குத் தெரியும். ஏன்டா?”

“அப்ப அந்த ஆமைக் கதை?”

“நீ விளங்கல்லெண்டு அழுதாய். வாயில வந்ததச் சொன்னன்.”

“எட்டு வாரத்தில நிண்டுபோனது?”

“எனக்குக் கல்யாணமாகி உன்ட மச்சான் நம்மட வீட்டோட வந்திட்டாரே. அவருக்குச் சிங்களம் நல்லாத் தெரியும். கார்ட்டூன் முடிஞ்சிட்டெண்டு உனக்குப் பொய் சொன்னன்.”

றிப்ஷான் பன்னிரண்டு பக்கங்களையும் கவிழ்த்து வைத்தார். மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“ராத்தா, ஆமை நிலாவுக்குப் போய்ச் சேர்ந்திச்சா?”

“பொறு, அடுப்ப நிற்பாட்டிட்டு வாறன்.”