ரெண்டு பேருக்கும் லீவு

பங்காருபேட்டை ஸ்டேஷனில் காலைப் பனி விலகவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து பெங்களூரிலிருந்து வந்திறங்கிய உமேஷுக்குப் பாதித் தூக்கம். பெங்களூர் ரயிலுக்குக் காத்திருந்த அக்ஷயா, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். தினமும் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் அவர்களுக்கு.

"இன்னா, உன் பார்முலா வேலை செஞ்சுதா?"

லேப்டாப்பைத் திறந்தாள். ஊழியர்களின் வேலை நாட்களைக் கணக்கிட ஆபீசில் அவள் எழுதிய பார்முலா. அதில் தங்கள் இருவர் ஷிப்டையும் போட்டுப் பார்த்திருந்தாள். ஒன்றாக ஒரு லீவுகூட வரவில்லை.

"தப்பு தெரிஞ்சிடுச்சுங்க. உங்க ஷிப்ட் பன்னெண்டு மணி தாண்டுதில்ல, ஒரு நைட்டை ரெண்டு நாளா எண்ணிடுச்சு. ஷிப்ட் ஆரம்பிக்கிற நாளை மட்டும் எண்ண வெச்சேன். வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு பேருக்கும் லீவு."

"பேத்தமங்களா ஏரிக்குப் போலாமா?" கண்களை மூடியபடி கேட்டான். மூடிய இமைக்குள் தண்ணீர் மெல்ல அலையடித்தது.

"வேணாங்க."

"பின்ன எங்க போறது?"

ரயில் வந்துவிட்டது. அவள் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"எங்கியும் வேணாம். கல்யாணமாயி குடிவந்த வீட்ல, நாம ஒரு நாள் முழுசா சேர்ந்து இருந்ததே இல்லியே."