ஆளிவிதை எண்ணெய்

ஆபரேஷனுக்கு இன்னும் நாற்பத்தோரு மணி நேரம் இருந்தது. ஆடுகோடி சிக்னலில் நின்ற ஆட்டோவுக்குள், அனந்தலக்ஷ்மி கணவரின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"காலம்பற ஷேவ் பண்ணிண்டப்போ வெட்டிண்டது. மறுபடி கசியறதே! பஞ்சை எடுக்காதேங்கோ."

"என் மூஞ்சியை விடு. நாம போறது உன் முட்டிக்கு" என்றார் தேசிகன்.

அவர் கவலை வேறு. முடக்குவாதம் தின்று தீர்த்த மனைவியின் முழங்கால் மூட்டை நாளை மறுநாள் காலை மாற்றப்போகிறார்கள். அவளோ மூன்று மாதமாக மீன் எண்ணெய் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது.

மகன் ராம்கி அமெரிக்காவிலிருந்து அனுப்பிய, எண்ணெய் அடைத்த மாத்திரைகள். உண்மையைச் சொன்னால், ஏகாதசிக்குத் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறவள் டப்பாவோடு தெருவில் வீசிவிடுவாள். அதனால் தேசிகன் எல்லாவற்றையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டினார்.

"ஆளிவிதை எண்ணெய். இந்த ஊர்க்காரா சட்னிப்பொடி பண்ணுவாளே, அதே விதை. மூட்டுக்கும் நல்லது, ஹார்ட்டுக்கும் நல்லது. காலம்பற ரெண்டு, ராத்திரி ரெண்டு" என்று சொல்லிக் கொடுத்தார்.

பாட்டில் ஒழுங்காகக் குறைந்தது. அவள் பாவத்துக்கும் சேர்த்து தினமும் நூற்றெட்டு காயத்ரி கூடுதலாக ஜபித்தார். தன் வாயாவது சுத்தமாக இருக்கிறதே என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே தெம்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சரளா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வலி மாத்திரையை ஒரு வாரமா நிறுத்திட்டீங்கதானே மாமி?"

"நீங்க சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"வேற ஏதாவது? டானிக், நாட்டு மருந்து, ஃபிஷ் ஆயில்? மூட்டுவலிக்காரங்க நிறையப் பேர் இப்ப அதைச் சாப்பிடறாங்க. எங்ககிட்ட சொல்றதுதான் இல்லை."

அனந்தலக்ஷ்மி சிரித்துவிட்டாள். "மீனா? நன்னாக் கேட்டேள் போங்கோ! எங்காத்துக்கு வர பூனைகூட தயிர்சாதம்தான் திங்கறது."

தேசிகன் சிரிக்கவில்லை. "சாப்பிட்டா என்ன டாக்டர்? சும்மா கேக்கறேன்."

"தப்பில்லை சார், அளவா சாப்பிட்டா சிலருக்கு நல்லதுதான். ஆனா அது ரத்தம் உறையறதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம். நீங்க ஹார்ட்டுக்குப் போடற ஆஸ்பிரின் மாதிரி எதோடயாவது சேர்ந்தா இன்னும் ஜாஸ்தி. டேபிள்ல படுக்க வெச்சு, கத்தியை வெச்சப்புறம் எனக்குத் தெரியக்கூடாது."

தேசிகன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சொன்னால், முப்பத்தாறு வருஷம் நம்பிக் குடித்தனம் நடத்தினவள் இனி அவர் கையால் தீர்த்தம்கூட வாங்கமாட்டாள். சொல்லாவிட்டால், அவளே இருக்கமாட்டாளோ என்னவோ.

"அப்ப அட்மிஷன் எழுதிடவா?" என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதேங்கோ!" தேசிகன் எழுந்தே விட்டார். "அவளுக்குத் தெரியாது டாக்டர். நான்தான் ஏமாத்தினேன். அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கிறது ஆளிவிதை இல்லை. மீன் எண்ணெய். தினம் நாலு, மூணு மாசமா."



"இப்பவாவது சொன்னீங்களே" என்று டாக்டர் டெலிபோனை இழுத்தார். "தேதியைத் தள்ளிவைக்கறது பத்தி மயக்க டாக்டர்கிட்ட பேசறேன்."

அனந்தலக்ஷ்மி அழுவாள், இல்லையென்றால் வாந்தி எடுப்பாள் என்று தேசிகன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். இரண்டும் நடக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அவள் வெளிறிப்போய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேதியைத் தள்ள வேண்டாம் டாக்டர்" என்றாள் மெதுவாக. "நான் ஒண்ணுகூட முழுங்கலை."

"பின்ன அவ்வளவும் எங்கடி போச்சு?"

"ஹார்ட்டுக்கு நல்லதுன்னு நீங்கதானே சொன்னேள்... அத்தனையையும் குத்திப் பிழிஞ்சு, உங்க இட்லி மிளகாய்ப்பொடியிலன்னா விட்டேன்!"