பக்கத்து வீட்டுச் செபம்

"என் மகன் பேரைச் சொல்லி உன் சாமிகிட்ட என்ன கேக்குறே?"

குருவம்மாள் வாசலில் நின்றபடியே கேட்டாள். மடியில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருந்த ஞானபாக்கியம் பதறி எழுந்தாள்.

போடியில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். குருவம்மாளின் ஆடு ஞானபாக்கியத்தின் முருங்கைக் கன்றைக் கடித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

"உள்ள வாங்கக்கா."

"உறவு கொண்டாட வரல. விடிஞ்சா சங்கீதம் படிக்கிறே. சத்துருவை முறிச்சுப் போடும், தலைதூக்க விடாதேயும்னு சத்தம் போட்டு அழுகுறே. அது உன் பாடு. இப்பக் கொஞ்ச நாளா அதுக்கு நடுவுல பேச்சிமுத்து, பேச்சிமுத்துன்னு கேக்குது. இல்லைன்னு சொல்லு பாப்போம்."

ஞானபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. சொன்னேன்."

"ஆடு என் ஆடு. கோவம்னா என்னை வையி. மலைமேல ஏலத்தோட்டத்துல கெடந்து பாடுபடுற என் ஒத்தைப் பிள்ளை உன்னை என்ன செஞ்சான்? இன்னையோட நிறுத்திரு."

"நிறுத்த முடியாதுக்கா."

குருவம்மாள் விருட்டென்று திரும்பினாள். அங்கிருந்து நேரே கருப்பசாமி கோயிலுக்குப் போனாள். சாமி முன்னால் மண்ணை வாரி இறைத்தாள்.

"என் பிள்ளைக்குக் கேடு நெனச்சவ வாயடைச்சுப் போகணும், அப்பனே."

மறுநாளும் சுவருக்கு அப்பால் பேச்சிமுத்துவின் பேர் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. குருவம்மாள் காதைப் பொத்திக்கொண்டு தன் சாமியைக் கூப்பிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் போடிமெட்டுப் பஸ்சில் பேச்சிமுத்து வந்து இறங்கினான். கன்னம் ஒட்டி, பாதி ஆளாக இருந்தான். ஆனால் தன் காலால் நடந்து வந்தான்.

"என்னப்பு இது கோலம்?"

"மலைக்காய்ச்சல் ஆத்தா. பிழைக்க மாட்டேன்னுட்டாங்க. ஏலக்காய் வாங்க வந்த யோசேப்பண்ணேதான் பாத்துட்டு, கொயினா மாத்திரை கொண்டாந்து குடுத்து, தன் சோலியை விட்டுட்டுக் கூடவே இருந்தாரு. இப்ப ஒண்ணுமில்லை."

யோசேப்பு, ஞானபாக்கியத்தின் புருஷன்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டா என்னடா?"

"நீ தாங்க மாட்டேன்னு நாந்தான் அவருகிட்ட சத்தியம் வாங்கினேன். அவரு வீட்டுக்குச் சேதி அனுப்பினப்ப, மதினியும் உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிவிட்டேன்."

குருவம்மாள் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

அவன் கையைப் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்குள் போனாள். அவனைப் பார்த்ததும் ஞானபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் உனக்கு மண்ணை வாரி எறைச்சேன் தாயி. உன் வாயடைச்சுப் போகணும்னு கேட்டேன்."

"விடுங்கக்கா. பிள்ளை வந்துட்டான்ல."

"அப்ப, சத்துரு சத்துருன்னு அழுதியே. அது யாரு?"

"அந்தக் காய்ச்சல்தான்க்கா. உங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோனது போதும், பிள்ளையையும் விட்டுத்தர முடியாதுன்னு ஆண்டவர்கிட்ட மல்லுக்கு நின்னேன்."